நீலக் கோடு போட்ட ஓக்குகள்

பக்கவாதம் வந்து போன பிறகு ஹார்லன் ஸ்ட்ரூப்பின் வாயில் மிஞ்சியது மூன்றே பேச்சு. ஒன்று ‘ஆமா’. இரண்டாவது ‘சரி சரி’. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சொன்னால் பாதிரியாருக்கு மயக்கம் வந்துவிடும், அப்படியொரு கெட்ட வார்த்தை. அறுபத்தாறு வயது வரைக்கும் அதை அவன் வீட்டுக்குள் உச்சரித்ததே கிடையாது. இப்போது கஞ்சி சூடாக இருந்தாலும் அதுதான், செருப்பு கடித்தாலும் அதுதான். என்ன சொல்லி என்ன, அந்த வார்த்தை வரும்போது மட்டும்தான் அவன் மனசில் இருப்பது என்ன என்று அவன் மனைவி வெர்னாவுக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது.

மற்ற இரண்டும் அவளை வதைத்தன. பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. சன்னலை மூடவா, சரி சரி. திறக்கவா, சரி சரி. வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், “உள்ள பதில் சரியாத்தாங்க இருக்கு, வெளிய வர்றப்போதான் வழி தவறிப் போகுது” என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்வது சுலபம். முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் இப்போது காபி வேண்டுமா என்பதைக்கூட ஊகித்துத்தான் ஊற்ற வேண்டியிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் ஜனவரி இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலை, டுவைட் கெஸ்லர் தன் இழுவை வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். ஹார்லனின் முப்பது ஏக்கர் காட்டில் மரம் வெட்ட வந்தவன். நாற்பத்தைந்து வயது, தாடியில் எப்போதும் மரத்தூள், நல்ல பையன் என்று பெயர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

“ஒரே ஒரு கேள்விதாம்மா. மேல போய்ப் பாத்தேன். மரத்துல நெஞ்சு உயரத்துக்கு நீலக் கோடு போட்டிருக்காரு. கோடு போட்டத வெட்டணுமா, இல்ல கோடு போட்டத விட்டுட்டு மிச்சத்த வெட்டணுமா?”

“என்னப்பா கேக்கிற? உங்கிட்ட சொல்லலையா?”

“அக்டோபர்ல கை குலுக்கினப்போ, நீ வர்ற அன்னிக்குக் கூடவே நடந்து மரம் மரமா காட்டறேன்னாரு. எழுதின தாளுல ‘அடையாளமிட்ட மரங்கள், நடந்து காட்டியபடி’ன்னுதான் இருக்கு.”

நடந்து காட்ட வேண்டியவன் நடுக்கூடத்து நாற்காலியில் வலது கை மடியில் செத்துக் கிடக்க உட்கார்ந்திருந்தான். அவன் கண் மட்டும் டுவைட்டின் மேல் இருந்தது. இடது கையால் நாற்காலியின் கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சன்னல் வழியாக மலையைக் காட்டினான்.

“ஹார்லன், நீலம்னா வெட்டறதா?” என்று வெர்னா கேட்டாள்.

“ஆமா.”

“நீலம்னா விடறதா?”

“ஆமா.” கூடவே அந்தக் கெட்ட வார்த்தையும் வந்தது. டுவைட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

பிரச்சினை இதுதான். அந்த மாவட்டத்தில் மரத்தில் சாயக் கோடு போட்டால் வெட்டு என்று அர்த்தம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இதே காட்டில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெட்டு நடந்தபோது ஹார்லன் தலைகீழாகப் பண்ணினான். ஓக் மரங்களுக்குக் கோடு போட்டு, கோடு போட்டது நிற்கட்டும், கோடில்லாத மேப்பிள் மரத்தையும் பீச் மரத்தையும் வெட்டு என்றான். அப்போது வெட்டியவர் வேறொருவர், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் கோடு பெரும்பாலும் ஓக்குகள் மேல்தான். ஒரு அர்த்தத்தில் எடுத்தால், வேலை முடியும்போது மலையில் ஓக் மட்டும் நிற்கும். இன்னொரு அர்த்தத்தில் எடுத்தால் மேப்பிள் மட்டும் நிற்கும். நடுவில் எதுவும் கிடையாது. வெட்டின மரத்தை எந்தக் கொம்பனாலும் ஒட்டவைக்க முடியாது.

அரசாங்க வனத்துறை ஆளுக்கு வெர்னா போன் பண்ணிப் பார்த்தாள். மார்ச் மாதம் வருவதாகச் சொன்னார். மார்ச்சில் மலை முழுக்கச் சேறு.

“பத்து நாள்தாம்மா தரை உறைஞ்சு இறுகியிருக்கும், சேத்துல மரத்த இழுக்க முடியாது,” என்றான் டுவைட். “போன ரெண்டு குளிர்காலமும் உறையவே இல்ல. அடுத்த வருஷம் உறையுமான்னு யாரு கண்டா? நான் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல வேற இடத்துக்குப் போயாகணும். வேணாம்னு சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல.”

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போயிற்று என்றுதான் வெர்னாவுக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அன்றிலிருந்து ஹார்லன் படுத்திய பாடு கொஞ்சமில்லை. விடிந்ததும் ஒற்றைக் காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். மலையைக் காட்டுவதும் நாற்காலியைத் தட்டுவதுமாகவே இருந்தான். இந்தக் குளிர்காலமே நடக்க வேண்டிய ஏதோ ஒன்று மலையில் இருக்கிறது, அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. ஊமை கண்ட கனவு என்பார்களே, அந்தக் கனவைப் பக்கத்தில் படுத்திருப்பவள் சொல்ல வேண்டும் என்றால் எப்படி?

ஹார்லனுக்கு ஓக் என்றால் கிறுக்கு. அரசாங்கக் காட்டில் மரங்களுக்கு அடையாளம் வைக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன், வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். அவன் தாத்தா காலத்தில் மலையில் பாதி செஸ்ட்நட் மரமாம். ஒரு நோய் வந்து அத்தனையும் பட்டுப்போக, அந்த இடத்தை ஓக் பிடித்தது. இப்போது ஓக்குக்குக் கீழே மேப்பிள் வரிசை கட்டி நிற்கிறது, கிழவன் எப்போதடா கண்ணை மூடுவான் என்று காத்திருக்கிற வாரிசுகள் மாதிரி. ஓக் கன்று தலை தூக்கினால் மான் வந்து மேய்ந்துவிடும். அதற்காக எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வேலி போட்டான். வெர்னாவின் தங்கை மகள் கல்யாணத்துக்கு வராமல் அந்த வேலியைக் கட்டினான். அந்தக் கோபத்தில் வெர்னா இன்றுவரை அந்த வேலிக் கதவைத் தொட்டதில்லை. கீழேயிருந்து பார்த்தால் குளிர்காலத்தில் கம்பிக்கு உள்ளே பழுப்பு இலை தெரியும். இலை உதிர்க்காத பீச் புதர் என்று எட்டிப் பார்க்காமலேயே முடிவு கட்டினாள். “உன் வேலிக்குள்ள பீச்தான் ஜோரா வளருது போ!” என்று கிண்டலும் பண்ணினாள். ஹார்லன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். மனுஷன் எதையும் விளக்கிச் சொல்கிற பிறவியே இல்லை, நாக்கு நன்றாக இருந்த நாளிலேயே.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓப்பல் வந்தாள். ஹார்லனின் அக்கா, எழுபத்திரண்டு வயது, சாலையின் கீழ்க்கோடியில் தனியாக இருக்கிறாள். பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும் ஒரு பாத்திரத்தில், அபிப்பிராயம் இன்னொரு பாத்திரத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தாள்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு! ஓக்க வெட்டட்டுமான்னு மரம் வெட்டறவன் கேக்கிறானாம், இவ உக்காந்து யோசிக்கிறாளாம்!”

“அவன் ரெண்டு பக்கமும்தான் கேட்டான் ஓப்பல்.”

“கேப்பான் கேப்பான். என் தம்பி ஓக்க வெட்டச் சொல்லுவானா? முட்டாளுக்கும் தெரியுமே! போன தடவ என்ன பண்ணினான்? கோடு போட்டத நிக்க வெச்சான். இந்தத் தடவையும் அதேதான்.”

“அப்ப மேப்பிள்ள நாலஞ்சுக்கு ஏன் கோடு போட்டிருக்கான்? டுவைட் பாத்துட்டு வந்து சொன்னான்.”

“அந்த மேப்பிள அவனுக்குப் பிடிச்சிருக்கும்.”

“உங்க தம்பிக்கு மேப்பிளப் பிடிக்குமா! அப்பத்துக்கு மேப்பிள் பாகு ஊத்தினாக்கூட மூஞ்சிய சுளிக்கிறவன்.”

“ஏம்மா, இத்தன வருஷம் கூட வாழ்ந்திருக்கே, அவன் மனசு உனக்குத் தெரியாதா?”

அந்தக் கேள்விதான் சுருக்கென்று குத்தியது. ஓப்பல் நாற்காலிப் பக்கம் திரும்பி, காது கேளாதவனிடம் பேசுவதுபோலக் கத்தினாள்: “ஹார்லன்! ஓக்க வெட்டக் கூடாதுதானே?”

“ஆமா.”

“கேட்டியா!”

வெர்னாவும் விடவில்லை. “ஹார்லன், ஓக்க வெட்டணும்தானே?”

“ஆமா.” அப்புறம் அவன் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்து மூன்றாவது வார்த்தையைச் சொன்னான். ஓப்பல் பாத்திரத்தை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே பயமும் வந்தது. ஓப்பல் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதே சமயம், ஓப்பல் சொல்வது எதுவாக இருந்தாலும் அதற்கு எதிராக நடக்க வேண்டும் என்று ஒரு வீம்பும் வந்தது. மரத்தின் விதியை நாத்தனார் மேல் இருக்கிற எரிச்சலா தீர்மானிப்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது அவளுக்கு.

புதன்கிழமை காலை துணி துவைக்க உட்கார்ந்தாள். பின்கதவோரம் ஆணியில் ஹார்லனின் காட்டு வேலைக் கால்சட்டை நவம்பரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க இத்தனை நாள் கை வரவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்து உதறினாள். முழங்கால் இரண்டும் அட்டைபோல விறைத்திருந்தன. நீலச் சாயம், மேலும் மேலும் அப்பிக் காய்ந்து போயிருந்தது.

டுவைட் சொன்ன கோடு நெஞ்சு உயரத்தில். நெஞ்சு உயரத்தில் சாயம் அடிப்பவனுக்குக் கையில் தெறிக்கலாம், மார்பில் தெறிக்கலாம். முழங்காலில் எப்படி அப்பும்? மண்டியிட்டு எந்த மரத்துக்குப் பிரார்த்தனை பண்ணினான் இவன்?

பக்கத்து வீட்டுப் பெண்ணை ஹார்லனுக்குத் துணை வைத்துவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலை ஏறினாள். டுவைட் வேலிக்கு வெளியே இழுவை வண்டியின் சங்கிலியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் கால்சட்டையை விரித்துக் காட்டினாள்.

டுவைட் அதைப் பார்த்தான். தொப்பியை எடுத்துத் தன் தொடையில் பளாரென்று அடித்தான்.

“என்ன மடையன் நான்! அடிப்பொட்டு!”

“என்ன பொட்டு?”

“வெட்ட வேண்டிய மரத்துக்கு வேர்ப்பக்கமா இன்னொரு பொட்டு வெப்பாங்கம்மா. மரத்த அறுத்தா நெஞ்சு உயரக் கோடு கட்டையோட போயிடும். கீழ இருக்கிற பொட்டு அடிக்கட்டையிலயே நிக்கும். நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்தா, சொன்ன மரத்ததான் வெட்டினானா, சொல்லாததயும் சேத்து அடிச்சானான்னு தெரிஞ்சுடும். எங்க மாதிரி ஆளுங்க யோக்கியதைக்காக அரசாங்கக் காட்டுல கண்டுபிடிச்சது. சொந்தக் காட்டுல எவனும் இதுக்காகக் குனிய மாட்டான். அதான் எனக்குத் தோணவே இல்ல.”

“முப்பது வருஷம் குனிஞ்சவனுக்குப் பழக்கம் விடுமா?”

“விடாது. நிக்கப்போற மரத்துக்கு அந்தப் பொட்டு தேவையில்ல பாருங்க. பொட்டு இருந்தா வெட்டு, இல்லேன்னா விடு. பனி மூடிக் கெடக்கு, அவ்வளவுதான்.”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். முதல் ஓக்கை ஒரு ஆளால் கட்டிப் பிடிக்க முடியாது. டுவைட் அதன் அடியில் முழங்கால் ஆழப் பனியை அள்ளி எறிந்தான். வெர்னா, இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

இருந்தது. கட்டைவிரல் அளவு இல்லை, உள்ளங்கை அளவு நீலம்.

அடுத்த மரத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

“வெட்டத்தான் சொல்லியிருக்காரு,” என்றான் டுவைட். அவன் குரலிலும் சந்தோஷமில்லை.

வெர்னாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “ஓக் ஓக்குன்னு என் உயிர வாங்கினான்! கல்யாணத்துக்கு வராம வேலி கட்டினான்! கடைசியில இவனே எல்லாத்தயும் வெட்டச் சொல்றானா? அப்ப இத்தன வருஷம் என்னத்துக்கு? மேப்பிளுக்குக் காவல் இருந்தானா?” பக்கத்தில் நின்ற பீச் புதரை ஒரு உதை விட்டாள். பனி உதிர்ந்து, பழுப்பு இலைகள் சலசலத்தன.

டுவைட் குனிந்து ஒரு இலையைக் கிள்ளினான். “இது பீச் இல்லயேம்மா.”

“பின்ன? குளிர்காலத்துல இலைய விடாமப் பிடிச்சிட்டு நிக்கிறது பீச்தானே?”

“சின்ன ஓக்கும் விடாது. பாருங்க, ஓரம் வெட்டு வெட்டா இருக்கு. பீச்சுன்னா இவ்வளவு வெட்டு இருக்காது.”

வெர்னா கையுறையைக் கழற்றி அந்த இலையை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். பெரிய மரங்களின் காலடியில் எங்கு பார்த்தாலும் பழுப்பு. இடுப்பு உயரம், முழங்கால் உயரம், பனியிலிருந்து ஒரு சாண் மட்டும் எட்டிப் பார்ப்பது. அந்த ஒரு மரத்தைச் சுற்றி அறுபது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். எட்டு வருஷமாகக் கீழேயிருந்து பார்த்துக் கிண்டலடித்தது இதைத்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் ஒரு தடவை மேலே ஏறி வந்து பார்த்திருக்கலாம்.

அவளுக்குக் காடு தெரியாது. ஆனால் தோட்டம் தெரியும். கொட்டகை நிழலில் தப்பித்தவறி முளைத்த பீன்ஸ் செடி வெளிறி, நீண்டு, ஜூலைக்குள் சுருண்டு போவதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள். அங்கேயே கீரை மட்டும் நிழலைச் சட்டை பண்ணாமல் வளரும்.

“டுவைட், மேப்பிளுக்கு நிழல் ஒரு பொருட்டே இல்ல. இந்தப் பிள்ளைங்களுக்கு வெயில் வேணும். அம்மாக்காரிங்க இப்படிக் குடை பிடிச்சிட்டு நின்னா இதுங்க எப்படித் தலையெடுக்கும்? அப்படித்தானே?”

“முளைக்கிறதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லம்மா. நான் அறுக்கிறவன்,” என்றான் டுவைட். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா பனி மேல இழுத்தா கன்னு நசுங்காது, தப்பிச்சிடும். தரை இறுகினப்பதான் வரணும்னு அவரு மூணு தடவ சொன்னாரு,” என்றான். குச்சி போல நிற்கிற இளம் மேப்பிளுக்கு யாரும் கோடு போட மாட்டார்கள், அதெல்லாம் கூடவே சாய்த்துப் போட வேண்டியதுதான் என்றும், கோடு போட்ட நாலைந்தும் விலை போகிற அளவுக்குத் தடித்த மேப்பிள், அதனால்தான் கணக்கில் வருகிறது என்றும் சொன்னான். எல்லாம் இடம் பார்த்து உட்கார்ந்தது. ஓக்கைக் காப்பாற்ற ஓக்கை வெட்ட வேண்டும். இதை வாய்விட்டுச் சொன்னால் ஓப்பல் தன்னையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவாள் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

குழப்பம் தீர்ந்தது என்று அவள் பெருமூச்சு விட்டது மலையின் மேற்கோடிக்குப் போகும் வரைக்கும்தான்.

அங்கே பதினொரு ஓக்குகள் தனியாக நின்றன. பதினொன்றுக்கும் நீலக் கோடு இருந்தது. டுவைட் அடியில் தோண்டினான். பொட்டு இல்லை. அடுத்ததில் தோண்டினான். இல்லை. பதினொன்றிலும் மண் தெரிகிற வரைக்கும் தோண்டிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“அப்ப இத விடணும்,” என்றாள் வெர்னா.

“விடறதுக்கு எதுக்குக் கோடு போடணும்? வெட்டற மரத்துக்குக் கோடு, விடற மரத்துக்கும் அதே கோடுன்னு முப்பது வருஷம் வேலை பாத்தவரு செய்வாரா?”

“அப்ப வெட்டணுமா?”

“பொட்டு இல்லையே.”

வந்த வழியே திரும்பி, தோண்டின மரங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துக்கொண்டு வந்தார்கள். போகும்போது, இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். கதவுப் பக்கம் இருந்த மரங்களில் பொட்டு வட்டமாக, அச்சடித்தாற்போல இருந்தது. மேலே போகப் போகச் சாயம் ஒழுகியிருந்தது. ஓரிடத்தில் பொட்டு வேரில் படாமல் பக்கத்துக் கல்லில் பட்டிருந்தது. கடைசியாகப் பொட்டு இருந்த மரத்தில், நீலத்தில் தோய்ந்த ஐந்து விரலும் பட்டையில் பதிந்திருந்தன. எழுந்திருக்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்த கை. அதற்குப் பிறகு பொட்டே கிடையாது, கோடு மட்டும். அதுவும் சாய்ந்து சாய்ந்து கீழிறங்கியிருந்தது.

டுவைட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

நவம்பரில்தான் வியாதி வந்தது என்று எல்லோரிடமும் வெர்னா சொல்லிக்கொண்டிருந்தாள். அக்டோபர் முழுக்க ஹார்லன் இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தான். சாப்பாடு ஆறிப் போகும். “அந்த மரத்தயே கட்டிக்கிட்டிருக்கலாமே, என்ன எதுக்குக் கட்டினே?” என்று அவள் கத்தியிருக்கிறாள். உட்காரும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். முறுக்கிக்கொண்டு உட்காருகிறான் என்று நினைத்தாள். கால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்குத் தெரிந்திருந்ததா, அவனும் வயசு என்று நினைத்தானா? வெர்னாவுக்கு அழுகை வந்தது, அதைவிட வெட்கமும் வந்தது. அந்தக் கைத் தடத்தின் மேல் தன் கையை விரலுக்கு விரல் வைத்துப் பார்த்தாள்.

“பொட்டு வெக்க மனசில்லாம விட்டாரா, குனிய முடியாம விட்டாரா?” என்று டுவைட் மெல்லக் கேட்டான். “இந்தப் பதினொன்னுக்கும் நான் என்னம்மா பண்ணட்டும்?”

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேற்கோடிக்கு ஏறினாள். கோட்டையும் பார்க்கவில்லை, பொட்டையும் தேடவில்லை. மரத்தின் கீழே பார்த்தாள். அங்கே வெறும் பனிதான். பழுப்பு இலை ஒன்றுகூட இல்லை, மேப்பிள் குச்சிகள் மட்டும் சிவந்த மொட்டோடு நெருக்கமாக நின்றன.

“பிள்ளை இல்லாத இடத்துல அம்மாவ வெட்டினா மேப்பிள்தான் வந்து உக்காரும். இந்தப் பதினொன்னும் நிக்கட்டும். இன்னும் கொட்டை போடட்டும். குச்சி மேப்பிள மட்டும் சாய்ச்சுடு.”

“இது அவரு சொன்னதா, நீங்க சொல்றதா? நான் எழுதி வெச்சுக்கணும்.”

“நான் சொல்றது,” என்றாள் வெர்னா.

வியாழக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் மலையில் ரம்பம் உறுமியது. வெர்னா ஹார்லனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி பூராவும் தூங்காமல் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். கேள்வியாகக் கேட்கவில்லை. கேட்டால் ஆமா என்பான்.

“உன் கால்சட்டைய பாத்தேன். அடிப்பொட்டத் தோண்டிப் பாத்தோம். உள்ள வளந்தது பீச் இல்லன்னு இப்பதான் தெரிஞ்சுது, எட்டு வருஷம் கழிச்சு. பெரிய ஓக்கெல்லாம் வெட்டச் சொல்லிட்டேன். கீழ இருக்கிறதுங்களுக்கு வெயில் வரட்டும்.” ஒரு கரண்டி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தாள். “மேக்கால இருக்கிற பதினொன்ன மட்டும் விட்டுட்டேன். அங்க கன்னு இல்ல. உன் கோட்ட மீறித்தான் சொன்னேன்.”

ஹார்லன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு ஒரு பக்கமாகக் கோணி, எதையோ மெல்லுவதுபோல அசைந்தது.

“இல்ல,” என்றான்.

கரண்டி தட்டில் விழுந்தது. “என்ன சொன்னே?”

“இல்ல.”

“அடப் பாவி! பேசிட்டியா!” அவள் எழுந்து அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து வாரத்தில் முதல் புதுச் சொல்! ஓப்பலைக் கூப்பிட வேண்டும், பயிற்சி கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் ரம்பத்தின் சத்தம் குரல் மாறி, மரத்துக்குள் இறங்குவது கேட்டது. வெர்னா அவன் தலையை விட்டாள்.

“எது இல்ல, ஹார்லன்? வெட்டக் கூடாதா?”

“இல்ல.”

“அப்ப வெட்டணும். அந்தப் பதினொன்ன விடக் கூடாதா?”

“இல்ல.”

“விடணுமா?”

“இல்ல.” அவன் கண் கலங்கி வழிந்தது. இடது கையால் நாற்காலியை ஓங்கி அடித்தான்.

அவள் ஓடிப்போய்த் தன் மேல்கோட்டை எடுத்தாள். மலைக்குப் பத்து நிமிஷம். கத்திக்கொண்டே ஓடினால் டுவைட் நிறுத்திவிடுவான். நிறுத்தி என்ன சொல்வது? அவனைத் தாண்டிப் போகும்போது ஹார்லன் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். நல்ல கை, பலமான பிடி. போகாதே என்கிறானா, சீக்கிரம் போ என்கிறானா? பயமாக இருக்கிறது, பக்கத்தில் இரு என்கிறானா? அவன் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த முகம், ஒன்றுமே பிடிபடவில்லை.

அவள் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேல்கோட்டு மடியில் கிடந்தது.

“சொல்லியாச்சு ஹார்லன். தப்போ சரியோ, சொன்னது நான். திட்டணும்னா என்னத் திட்டு.”

அவன் திட்டவில்லை. பிடியையும் விடவில்லை. மலையில் ரம்பம் நின்றது. ஒரு மூச்சு நேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் முதல் ஓக் விழுந்தது, சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு பேரும் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.